நெருப்புக்கு இரண்டு வாசல்!



மார்கழி மாத விடியற்காலை. வெளியே பனி. போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறீர்கள். "தண்ணி காஞ்சிருச்சு, எந்திரி கண்ணு!" என்று அம்மா எழுப்புகிறார். ஹீட்டர் இருக்கும் வீடு என்றால் சுவிட்சைத் தட்டினால் போதும், வெந்நீர் தயார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஹீட்டர் ஏது? திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளின் புறவாசலில் ஒரு மண் அடுப்பு இருக்கும். அதன் மேல் கரி பிடித்த அண்டா ஒன்று உட்கார்ந்திருக்கும். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் செடியைப் பிடுங்கி, காயவைத்து, பருத்திமாராக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த மாரை ஒடித்து அடுப்பில் வைத்தால் சடசடவென்று எரியும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அடுப்பைச் சுற்றிக் குந்தி, கையை நீட்டிக் குளிர் காய்வோம். எங்களுக்கு அது வெந்நீர் அடுப்பு மட்டுமல்ல. கதை கேட்கும் இடமும் அதுதான்!

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? சில வாரங்களுக்கு முன் என் பேத்தி ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். "அப்புச்சி, இது என்ன பானை? வயித்துல ஓட்டை இருக்கு. தலையில குழாய் இருக்கு!" என்று கேட்டாள்.

படத்தில் இருந்தது ஒரு மண் அடுப்பு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அந்த அடுப்பில் தொடங்கி, நம் நொய்யல் கரைக்கும், உங்கள் வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேரப் போகிறோம். புறப்படலாமா?

மெக்சிகோ நாட்டுப் பானை அடுப்பு

அந்த அடுப்பின் பெயர் சிமினேயா. பிறந்த இடம் மெக்சிகோ. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் புகைபோக்கி. நாம் சொல்லும் 'சிம்னி'யும் அதுவும் ஒரே லத்தீன் வேரில் இருந்து வந்த உறவுக்காரச் சொற்கள்!

பெரிய பானை ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் உருண்டை வயிற்றில், முன்பக்கம் ஒரு வாய். விறகை அந்த வாய் வழியாக உள்ளே வைக்க வேண்டும். பானையின் மேல்பக்கம் திறந்திருக்காது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து போல நீண்டு, குறுகி, மேலே போகும். புகை அந்தக் கழுத்து வழியாகத் தலைக்கு மேலே போய்விடும். கனமான பானை ஆடாமல் நிற்க, கீழே மூன்று கால் கொண்ட ஒரு தாங்கி.

மெக்சிகோ மக்கள் பல தலைமுறைகளாக இந்த அடுப்பில் குளிர் காய்ந்தார்கள், சமைத்தும் சாப்பிட்டார்கள். பிறகு அது அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளுக்குப் பயணம் போனது. அங்கே மாலை நேரத்தில் தோட்டத்தில் இதை மூட்டி, சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் புறவாசல் அடுப்பு செய்த அதே வேலை!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்தோம். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் இருப்பவன் எழுந்து ஓடுவான். சிமினேயாவைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. காரணம், அந்தக் கழுத்து.

கழுத்து செய்யும் மாயம்

ஏழாம் வகுப்பில் நான் பாடம் நடத்தும்போது கேட்கும் கேள்வி ஒன்று: "நெருப்புக்கு எத்தனை வாசல் வேண்டும்?"

பிள்ளைகள் விழிப்பார்கள். "விறகு வைக்க ஒரு வாசல் போதும் சார்" என்பான் ஒருவன். இல்லை, இரண்டு வாசல் வேண்டும். காற்று உள்ளே வர ஒன்று. புகை வெளியே போக ஒன்று.

விறகு எரிய ஆக்சிஜன் வேண்டும். அது காற்றில் இருக்கிறது. எரியும்போது உண்டாகும் சூடான வாயுக்கள், சுற்றியுள்ள குளிர்ந்த காற்றைவிட எடை குறைந்தவை. அதனால் அவை மேலே எழும்புகின்றன. மேலே ஒரு குழாய் இருந்தால் அதன் வழியாக ஓட்டம் பிடிக்கின்றன. அவை போன இடத்தை நிரப்ப, கீழே இருக்கும் வாய் வழியாகப் புதிய காற்று தானாக உள்ளே நுழைகிறது. ஊதாங்குழல் வைத்து யாரும் ஊத வேண்டியதில்லை. அடுப்பே மூச்சு விடுகிறது!

குழாய் ஓரளவு உயரமாக இருந்தால் இழுப்பும் அதிகமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் திருப்பூரைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். சாயப் பட்டறைகளில் துணிக்குச் சாயம் ஏற்ற வெந்நீரும் நீராவியும் வேண்டும். அதற்காக பாய்லர் வைத்திருக்கிறார்கள். அந்த பாய்லரின் புகைபோக்கி எவ்வளவு உயரம்! நெருப்பு நன்றாக மூச்சு விடவும், புகை மக்கள் நடமாடும் உயரத்துக்கு மேலே போகவும்தான் அந்த உயரம்.

உங்கள் தாத்தா, பாட்டியிடம் 'சிம்னி விளக்கு' என்றால் என்ன என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். காற்றில் அணையாமல் இருக்க மட்டும் அதை வைக்கவில்லை. அந்தக் கண்ணாடியும் ஒரு குட்டிப் புகைபோக்கி. கீழே காற்றை இழுத்து, சுடரைப் பிரகாசமாக எரிய வைக்கும்.

மண் ஏன் வெடிக்கிறது?

பேத்தி காட்டிய படத்தை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த மண்பாண்டத் தொழிலாளி ஒருவரிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இது நம்ம குமுட்டி அடுப்புக்குக் கழுத்து வச்ச மாதிரி இருக்குதுங்க வாத்தியாரய்யா!" என்றார்.

குமுட்டி அடுப்பு என்பது கரி போட்டு எரிக்கும் சிறிய அடுப்பு. கீழே காற்றுக்கு ஓட்டை, மேலே கரி நிற்கத் துளை போட்ட தட்டு. பெரியவர் சரியாகத்தான் சொன்னார்!

"இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டேன்.

"செய்யறதுக்கென்னங்க, செய்யலாம். செஞ்ச பிறகு வெடிக்காம வச்சிருக்கறதுதான் கஷ்டம்" என்றார். அவர் சொன்ன விவரத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

குளத்து மண்ணைக் கொண்டு வந்து உலர்த்தி, கல்லையும் வேரையும் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு காலால் மிதித்துப் பிசைவார்கள். வெறும் களிமண்ணில் அடுப்பு செய்தால், காயும்போதே வெடிப்பு விழும். களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். அதனால் மணலும் உமியும் சேர்க்கிறார்கள். மணல் சுருங்காது. அது நடுநடுவே நின்று களிமண்ணைத் தாங்கிக்கொள்ளும். உமி சூளையில் எரிந்துபோய், நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். மண் சூட்டில் விரிய அந்தத் துளைகள் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

செய்த அடுப்பை முதலில் நிழலில் உலர்த்தி, பிறகுதான் வெயிலில் வைப்பார்கள். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் காய்ந்து, உள்பக்கம் ஈரமாக இருக்கும். பிறகென்ன, விரிசல்தான்! கடைசியில் சூளை. சுமார் 500, 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசி நீரும் போய்விடும. அதன் பிறகு எவ்வளவு தண்ணீரில் ஊறவைத்தாலும் அது மறுபடி களிமண் ஆகாது. சுடாத அடுப்பு மழையில் கரைவதற்கும், சுட்ட பானை தண்ணீரைத் தாங்குவதற்கும் காரணம் இதுதான்.

அப்படிச் சுட்ட அடுப்பும் திடீர்ச் சூட்டைத் தாங்காது. மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். உள்பக்கம் கொதிக்கும்போது வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும். உள்பக்கம் விரியப் பார்க்கும்; வெளிப்பக்கம் விடாது. 'டப்!' என்று ஒரு சத்தம், அடுப்பு இரண்டாகிவிடும்.

அதனால் மண் சிமினேயா வாங்குபவர்கள் முதல் நாளே கட்டைகளை அடுக்கிக் கொளுத்துவதில்லை. அடியில் மணல் பரப்பி, சிறு சுள்ளிகளை வைத்துக் கொஞ்சம் எரித்து, முழுதும் ஆறவிடுவார்கள். இப்படிப் பல முறை செய்த பிறகே பெரிய நெருப்பு. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது.

இதைச் சொன்னதும் பெரியவர், "நம்ம ஊருல புதுச் சட்டியைப் பழக்கறதில்லீங்களா? அதேதானுங்க" என்றார். ஆமாம்! புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, மெல்லிய தீயில் வைத்துப் பழக்குவதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ ஆனாலும் காங்கயம் ஆனாலும் மண்ணின் குணம் ஒன்றுதான்.

நொய்யல் கரையில் ஒரு பழைய உலை

மண்ணால் நெருப்புக்கு வீடு கட்டும் கலையை மெக்சிகோவில் இருந்துதான் கற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்றொரு ஊர் இருக்கிறது. ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்து என்னும் சங்க நூல் 'கொடுமணம்' என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

1985-ஆம் ஆண்டு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பேராசிரியர்கள் எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோர் அங்கே ஆய்வு செய்தார்கள். பிற்காலத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், தமிழக அரசின் தொல்லியல் துறையும் அங்கே தோண்டிப் பார்த்தன. என்ன கிடைத்தது தெரியுமா? கல்மணிகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களி... இவற்றுடன் இரும்பு உருக்கிய உலைகளின் அடிப்பகுதியும், உலைச் சுவரின் துண்டுகளும், இரும்புக் கழிவும், காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் கிடைத்தன!

தாதுவில் இருந்து இரும்பைப் பிரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சும்மா விறகைக் குவித்துக் கொளுத்தினால் அவ்வளவு சூடு கிடைக்காது. கரியை மண் உலைக்குள் நிரப்பி, சுடுமண் குழாய் வழியாகத் துருத்தியால் காற்றை ஊதினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நொய்யல் கரை மனிதர்கள், நெருப்புக்குக் காற்று வாசல் எவ்வளவு முக்கியம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

சமையலறையில் மறந்துபோன வாசல்

இரும்பு உருக்கத் தெரிந்த நம் முன்னோர் சமையல் அடுப்பையும் சாமர்த்தியமாகத்தான் செய்தார்கள். மண் அடுப்பின் விளிம்பில் மூன்று குமிழ்கள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவை அழகுக்கு அல்ல. பானை விளிம்பில் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் அடுப்பு மூச்சுத் திணறி அணைந்துவிடும். குமிழ் பானையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். அந்த இடைவெளியில் தீ பானையின் பக்கவாட்டிலும் தழுவிப் போகும்.

இன்னொரு சாமர்த்தியம் கொடியடுப்பு. பெரிய அடுப்பின் பக்கத்தில் ஒரு சிறிய அடுப்பு. இரண்டையும் உள்ளே ஒரு துளை இணைக்கும். பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, வீணாகப் போகும் அனல் கொடியடுப்புக்குப் போய்க் குழம்பைச் சுட வைக்கும். ஒரே விறகில் இரண்டு வேலை!

எல்லாம் சரி. ஆனால் அந்த அனலும் புகையும் கடைசியில் எங்கே போயின? சமையலறைக்குள்தான்! குமிழ் இடைவெளியில் வெளிவந்த புகை, ஓட்டுக் கூரையின் சந்து வழியாக மெதுவாக வெளியேறும். அதுவரை அது யாருடைய மூக்கில் போனது? அடுப்பின் முன் உட்கார்ந்து, ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்த அம்மாவின் மூக்கில். அவர் மடியில் இருந்த குழந்தையின் மூக்கில்.

பழைய சமையலறைச் சுவர் எப்படிக் கறுத்திருக்கும் என்று பாட்டியிடம் கேளுங்கள். சுவரில் படிந்த அந்தக் கரிதான் நுரையீரலிலும் படிந்தது. வீட்டுக்குள் விறகு, வறட்டி, கரி போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் புகையால், 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

சாயப் பட்டறைக்குப் புகைபோக்கி வைத்தோம். விளக்குக்குக்கூட ஒரு கண்ணாடிப் புகைபோக்கி வைத்தோம். அம்மாவின் அடுப்புக்கு மட்டும் அந்த இரண்டாவது வாசலை வைக்க மறந்துவிட்டோம்!

அடுப்புக்குக் குழாய் வைத்தவர்கள்

மறக்காதவர்களும் இருந்தார்கள். ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர், மண்ணாலேயே புகைபோக்கி வைத்த ஓர் அடுப்பை வடிவமைத்தார். புகையில்லாச் சமையலறை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று, 1953-இல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். அது வெளிவந்த ஊர் சென்னை!

மெக்சிகோவின் பக்கத்து நாடு குவாதமாலா. அங்கே 1976-இல் பெரிய நிலநடுக்கம். அதன் பிறகு மக்களுக்காக ஒரு மண் அடுப்பை உருவாக்கினார்கள். பெயர் லோரேனா. ஸ்பானிய மொழியில் 'லோதோ' என்றால் சேறு. 'அரேனா' என்றால் மணல். இரண்டையும் சேர்த்து வைத்த பெயர்! அதிலும் புகைபோக்கி உண்டு. ஆனால் பிறகு சோதித்துப் பார்த்தபோது, அதன் மொத்தமான சுவரே நிறைய வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வது தெரிந்தது. புகை வெளியே போனது, விறகு மிச்சமாகவில்லை. விஞ்ஞானத்தில் இப்படித்தான். ஒரு சிக்கல் தீர்ந்தால் அடுத்தது எட்டிப் பார்க்கும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்காக 'அஸ்த்ரா' என்ற பிரிவு 1974-இல் தொடங்கப்பட்டது. அவர்கள் செய்த அடுப்பின் பெயர் அஸ்த்ரா ஒலெ. கன்னடத்தில் 'ஒலெ' என்றால் அடுப்பு. நம் 'உலை'யின் தங்கை போல இருக்கிறது அல்லவா? அதில் ஒரே தீயில் மூன்று பாத்திரம் வைக்கலாம். அனல் ஒவ்வொரு பாத்திரமாகத் தொட்டுவிட்டு, கடைசியில் புகைபோக்கிக்குப் போகும். நம் கொடியடுப்புக்கு ஓர் அக்கா வந்து, ஒரு புகைபோக்கியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென்றே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன.

பிறகு அந்த அடுப்புகள் எல்லாம் எங்கே போயின? அந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி. சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீட்டு அடுப்பு

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், எங்கள் வீட்டிலும் ஒரு புகையில்லா அடுப்பு போட்டோம். அம்மாவுக்கு அப்போதே விடாத இருமல். அடுப்பு போட்ட அன்று புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போனதை, அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இனிமேல் கண்ணெரிச்சல் இல்லாம சோறாக்கலாம்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அடுப்பு போட்டவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "குழாய்க்குள்ள கரி அடையும். அடிக்கடி சுத்தம் பண்ணணும்."

"அது என் வேலை" என்றேன் நான்.

முதல் மாதம் செய்தேன். இரண்டாவது மாதமும் செய்தேன். பிறகு பள்ளியில் தேர்வு, விடைத்தாள், ஊர்த் திருவிழா... மறந்தே போனேன். பள்ளியில் கரும்பலகையில் புகையில்லா அடுப்பின் படம் போட்டுப் பாடம் நடத்தினேன். வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டது!

இரண்டாவது வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? புகை முதல் வாசல் வழியாகவே திரும்பி வரும். பழைய அடுப்பைவிட மோசமாகப் புகைந்தது. அம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்மா" என்றேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், அந்த அடுப்பு இல்லை. அம்மாவே அதை இடித்துவிட்டுப் பழைய மூன்று குமிழ் அடுப்பை வைத்து மெழுகியிருந்தார்.

நான் தலைகுனிந்து நின்றேன். அம்மா திட்டவில்லை. "அடுப்பு நல்ல அடுப்புதான் சாமி. அதையத் தொடைக்கத்தான் ஆளில்லை" என்று மட்டும் சொன்னார்.

நாட்டில் பல வீடுகளில் இதே கதைதான் நடந்தது. குழாய் அடைந்தது, மண் வெடித்தது, பழுது பார்க்க ஆளில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டு வருவது சுலபம். அதைத் தினமும் பராமரிப்பதுதான் பெரிய வேலை. மாணவர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர் என் அம்மா.

இன்று நம் ஊரில்

பிறகு எரிவாயு அடுப்பு வந்தது. தமிழக அரசு 2007-இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. கோடிக்கணக்கான அம்மாக்கள் புகையில் இருந்து தப்பித்தார்கள். இது மிகவும் நல்ல மாற்றம்.

ஆனாலும் புறவாசலில் வெந்நீர் அடுப்பு இன்னும் எரிகிறது. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று, குளிக்கும் தண்ணீரையாவது விறகில் காய வைக்கிறார்கள். இதில் தவறு காண முடியாது. ஆனால் திருப்பூரில் நான் கண்ட ஒரு பழக்கம்தான் கவலை தருகிறது. சில வீடுகளில் வெந்நீர் அடுப்பில் விறகுக்குப் பதில் பனியன் கட்டிங் வேஸ்டைத் திணிக்கிறார்கள். கூடவே பிளாஸ்டிக் கவர், பழைய செருப்பு, ரப்பர்!

பருத்திமார் எரிந்த அதே இடத்தில் இன்று பருத்தித் துணிதானே எரிகிறது என்று நினைக்காதீர்கள். கட்டிங் வேஸ்டில் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். பாலியெஸ்டர் என்பதும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். துணியில் சாயமும் அச்சுப் பூச்சும் இருக்கும். இவை எரியும்போது வரும் புகை, விறகுப் புகையைவிட நஞ்சு மிகுந்தது. அந்த அடுப்பைச் சுற்றித்தான் குழந்தைகள் குளிர் காய்கிறார்கள்! பருத்தி வேஸ்டுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. அதை மில்லுக்கு அனுப்பினால், மறுபடியும் பஞ்சாக்கி நூல் நூற்கிறார்கள்.

அடுப்பு செய்கிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. மண் கிடைப்பது கடினமாகிவிட்டது என்பது அவர்களின் நெடுநாள் குறை. 2024-இல் தமிழக அரசு விதிகளை எளிதாக்கி, ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அறிவித்தது. பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "மண்ணு கிடைச்சாப் போதுங்களா? வாங்க ஆளும் வேணுமில்லீங்க" என்றார். பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கும்போது, விலையைக் குறைத்துக் கேட்கும் முன் அவர் சொன்னதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கவனம் தேவை!

* நெருப்பை மூட்டுவது பெரியவர்கள் வேலை. நீங்கள் தனியாக அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

* விறகு அடுப்பையோ கரி அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அரைகுறையாக எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மலை ஊர்களில் குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்து இறந்தவர்கள் உண்டு.

* நம் ஊரில் பனியன் கம்பெனி, குடோன், பஞ்சு மூட்டை இல்லாத தெரு குறைவு. பஞ்சுக்கு ஒரு பொறி போதும்! அவற்றின் அருகே திறந்த நெருப்பு வேண்டாம். சிமினேயா வைத்திருப்பவர்கள்கூடப் பொறி பறக்காமல் இருக்க, புகைபோக்கியின் தலையில் கம்பி வலை மாட்டுகிறார்கள்.

செய்து பாருங்கள்

நெருப்பே இல்லாமல் ஒரு சோதனை. கொஞ்சம் களிமண் எடுத்துப் பிசைந்து, ஒரே அளவில் மூன்று வில்லைகள் செய்யுங்கள். முதல் வில்லையில் களிமண் மட்டும். இரண்டாவதில் மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல். மூன்றாவதில் களிமண்ணுடன் ஒரு கைப்பிடி உமி. ஒவ்வொன்றின் குறுக்களவையும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்றையும் வெயிலில் வையுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எது அதிகம் சுருங்கியது? எதில் வெடிப்பு விழுந்தது? காரணத்தை நீங்களே எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

இன்னொரு வேலையும் தருகிறேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விறகு அடுப்பு எரிந்தால், புகை எங்கே போகிறது என்று தள்ளி நின்று கவனியுங்கள். அது யார் முகத்தில் போகிறது? ஜன்னலைத் திறந்தால் குறையுமா? அடுப்பைக் கூரைக்கு வெளியே நகர்த்தினால் குறையுமா? வீட்டில் பெரியவர்களிடம் பேசுங்கள். புகைபோக்கி இருக்கும் வீடு என்றால், அதைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

"ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்!

என் பேத்தி அந்தப் பெரியவரிடம் களிமண் வாங்கி வந்து, உள்ளங்கை அளவில் ஒரு குட்டிச் சிமினேயா செய்திருக்கிறாள். கழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் இரண்டு வாசலும் சரியாக இருக்கின்றன. இப்போது அது நிழலில் உலர்ந்துகொண்டிருக்கிறது. வெடிக்குமா, நிற்குமா என்று அவள் தினமும் எட்டிப் பார்க்கிறாள். நானும்தான்!